ஏணியைப் பிடிக்க ஒருவர்

அன்றைக்கும் அந்தக் கதவு தானாகத் திறந்தது.

அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கூடத்துக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். முதலில் கீல் ஒரு தடவை முனகும். பிறகு யாரோ உள்ளேயிருந்து நிதானமாக இழுப்பதுபோல, கடைசி அறையின் கதவு சுவர்வரை போய் மெத்தென்று சாய்ந்து நிற்கும். அதற்குப் பிறகு வீடு முழுக்க ஒரு மௌனம் பரவும். ஒருவர் உள்ளே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, யாராவது பேசட்டும் என்று காத்திருப்பதைப் போன்ற மௌனம்.

"வந்துட்டான்..." என்றாள் நாத்தனார், டீ டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு. "எந்தம்பி வந்துட்டான். அலையுறான் பாவி. அலையாம என்ன பண்ணுவான்? கட்டினவ ஏணியைக்கூடப் பிடிக்காம கடைக்குப் போயிட்டா..."

பால் பொங்கி விளிம்புக்கு வந்தது. அவள் தீயைக் குறைத்தாள்.

அவளுடைய இறந்துபோன கணவருக்கு அக்கா இந்த நாத்தனார். மாதம் ஒருமுறை வருவாள். வந்தால் இரண்டு நாள் இருப்பாள். இரண்டு நாளும் இந்த ஒரே பேச்சுதான்.

மேசையின் மறுபக்கம் மகன் ஒரு வாளியில், சுவரில் பூசும் பட்டிமாவைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உப்புத்தாள், சுரண்டி, அகலமான பட்டித் தகடு எல்லாம் வரிசையாக இருந்தன. அப்பா போன பிறகு மனைவியோடு இந்த வீட்டுக்கே வந்துவிட்டவன். அப்பாவைப் போலவே எல்லா வேலையையும் தானே செய்வது என்று பிடிவாதமாக இருந்தான். கைப்பேசியில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். அவன் மாற்றிய குழாய் சொட்டியது. அவன் பூசிய கூடத்துச் சுவர், தூங்கி எழுந்தவன் முகம்போல அங்கங்கே உப்பியிருந்தது.

"இன்னைக்கு எங்க ரூம் சீலிங்ல இருக்குற அந்தத் திட்டைச் சுரண்டி எடுக்கப் போறேன்னு சொல்லிடு," என்றான் தன் மனைவியிடம்.

யாரிடம் சொல்லச் சொன்னானோ, அந்த அம்மா கையெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாள்.

"அத்தை, அவர் இன்னைக்கு..."

"கேட்டுச்சும்மா."

"நான் இந்த வீட்டுக்கு மருமகளா வந்தேனா, தபால்காரியா வந்தேனான்னே தெரியல," என்று மருமகள் முணுமுணுத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான். ஏணியிலிருந்து விழுந்து அப்பா போன அன்று, சாவு வீட்டில், எல்லோர் முன்னாலும் அவன் கேட்டான். "எங்கே போயிருந்தே? ஆடாம நிக்க ஒரு ஏணியைப் பிடிக்க உன்னால முடியலையா?" அவள் சொன்னாள். "நான்தான் ஏறச் சொன்னேன். சொல்லிட்டுக் கடைக்குப் போயிட்டேன்." அவ்வளவுதான். அன்றோடு அவன் வாயில் 'அம்மா' என்ற சொல் வருவது நின்றுவிட்டது. அவளுக்குச் சோறு, மருந்து, போர்வை எதற்கும் குறைவு வைக்கவில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் தரவில்லை. அவள் தினமும் விடிந்ததும் அதற்காகக் காத்திருந்தாள்.

இப்போது அவள் கையைத் துடைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்துச் சொன்னாள். "அந்தத் திட்டை மட்டும் விட்டுடச் சொல்லும்மா. மத்ததெல்லாம் இடிச்சுக்கூடக் கட்டட்டும்."

மகன் நிமிர்ந்தான். பல மாதங்களுக்குப் பிறகு நேராக அவளைப் பார்த்தான். "ஏன் விடணும்? அது ஒண்ணுதான் இந்த வீட்ல அசிங்கமா இருக்கு. அப்பா பூசின சுவரெல்லாம் பாரு, கண்ணாடி மாதிரி! நானும் மாசக்கணக்கா அவர் இழுப்பு மாதிரி இழுத்துப் பார்க்குறேன், எனக்குக் கோடு எதிர்ப்பக்கமாவே வருது. அவர் கையே தனி. அப்பேர்ப்பட்ட மனுஷன் கடைசியா அரைகுறையா விட்டுட்டுப் போனதை நான் தினம் படுத்துக்கிட்டுப் பார்க்கணுமா? நீ பண்ணின தப்புக்கு நினைவுச்சின்னம் வேற வைக்கணுமா?"

"விடுடா, அவளுக்குக் குத்தவுணர்ச்சி," என்றாள் நாத்தனார். "மனசு உறுத்தாதா பின்னே!"

அவள் பாலை இறக்கி வைத்தாள்.

தெருவே அவள் கணவரைக் கைராசிக்காரர் என்றுதான் அழைத்தது. ஓர் அலுவலகத்தில் வரைபடம் வரைபவராக இருந்தவர், மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் திடீரென்று வேலையை விட்டார். "அடிமை வேலை போதும். இனிமே நம்ம வீட்டை நாமே பார்த்துக்கலாம். ஒரு கொத்தன், ஒரு தச்சன் இந்தப் படியேறக் கூடாது," என்று அறிவித்தார். அதன்பிறகு ஜன்னல்கள் இழைந்து மூடின. ஒழுகிய இடம் காய்ந்தது. பள்ளி விட்டு வரும் மகன், சட்டையெல்லாம் வெள்ளைத் தெறிப்போடு நிற்கும் அப்பாவைக் கட்டிக்கொள்வான். "எங்கப்பா எல்லாம் பண்ணுவாரு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவான்.

அந்தச் சட்டைகளை அவள்தான் துவைத்தாள்.

கடைசி அறைக்குள் மகன் இரட்டை ஏணியை விரித்து வைத்தான். ஏணி தட்டியதில் கதவு பாதி மூடி நின்றது. மகன் கல்யாணத்துக்கு முன் படுத்த அறை. இப்போது அவனும் மனைவியும் படுக்கும் அறை. கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் படுக்கைவாட்டில் நுழைந்து, சுவர்களையும் கூரையையும் உரசிக்கொண்டு போனது. அந்த நேரத்தில் மட்டும் அந்த அறை வேறு அறையாகிவிடும். பகல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். கூரையின் நடுவே அந்தத் திட்டு... பாதி பூசி நின்றுபோனது. காற்றில் ஆடும் தண்ணீர்ப்பரப்பு அப்படியே உறைந்துவிட்டதைப் போல அலையலையாக இருந்தது.

தனியாக இருக்கும் பகல்களில் அவள் அதன் கீழே வந்து நிற்பாள். தகடு கூரையில் உரசும் சத்தம் கேட்கும். சரக்... சரக்... நடுவில் ஒரு தயக்கம். பிறகு ஒன்றும் கேட்காது. அந்த ஒன்றும் கேட்காத இடத்தில்தான் அவள் கை, இல்லாத ஏணியைத் தேடிப் போகும்.

மகன் ஏறினான். அவள் ஓடிப்போய் ஏணியின் காலைப் பிடித்தாள்.

"பிடிக்க வேண்டாம்னு சொல்லு," என்றான் மேலேயிருந்து. "அன்னைக்குப் பிடிக்காதவங்க இன்னைக்கு எதுக்குப் பிடிக்கணும்?"

மருமகள் இந்தத் தபாலைக் கொண்டுபோகவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். ஏணியைப் பிடித்திருந்தவள் கையை எடுத்துவிட்டாள். ஆனால் நகரவில்லை.

சுரண்டி திட்டின் ஓரத்தில் பதிந்தது. சரக். ஒரு துண்டு பெயர்ந்து அவள் காலடியில் விழுந்து பொடியாயிற்று. இன்னொரு சரக்.

"நிறுத்துடா!"

அது அவள் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. அடுத்த கணம் ஏணியின் மறுபக்கப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தாள். முழங்கால் வலி எங்கே போயிற்று, வயசு எங்கே போயிற்று... உச்சியில் மகனின் முகத்துக்கு நேராக அவள் முகம். அவன் அக்குளில் இடுக்கியிருந்த பட்டித் தகட்டைப் பிடுங்கினாள். ஏணி உச்சியில் மாட்டியிருந்த வாளியில் முக்கினாள். பெயர்ந்த இடத்தில் வைத்து ஒரே இழுப்பு.

யோசித்துச் செய்யவில்லை. அந்தக் கதவு திறப்பதுபோல, கை தானாகப் போய்விட்டு வந்தது.

பள்ளம் இருந்த இடம் தெரியவில்லை. ஈரம் மட்டும் மின்னியது. இழுப்பு முடிந்த இடத்தில், இடப்பக்கம், மேலே தூக்கினாற்போல மெல்லிய ஒரு கோடு.

மகன் அந்தக் கோட்டைப் பார்த்தான். தகடு இருந்த கையைப் பார்த்தான். இடது கை. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுவர்களைப் பார்த்தான். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு சுவரிலும் அதே கோடுகள், மேலிருந்து கீழ்வரை, எல்லாம் இடப்பக்கமாய் எழும்பி முடிந்திருந்தன. அவன் மாசக்கணக்காகப் பழகிப் பார்த்தும் வராத இழுப்பு.

"இது... யாரு பூசினது?"

"உங்கப்பாதான்."

"அப்பாவுக்கு இடது கைப் பழக்கமே கிடையாதே."

"அப்பாதான்டா. இறங்கு."

"உங்களுக்கு எதிர்ப்பக்கமாவே வருதுன்னு சொன்னீங்களே..." என்றாள் மருமகள் கீழேயிருந்து, மிக மெல்லிய குரலில். "வலது கைக்கு அப்படித்தாங்க வரும்."

நாத்தனார் வாசற்படியில் வந்து நின்றாள். புதுப்பெண்ணாக வந்தவளிடம், "இடது கையால பரிமாறுற, எழுதுற வேலையெல்லாம் இந்த வீட்ல வேண்டாம்," என்று சொன்னவள் அவள்தான். அன்று முந்தானைக்குள் ஒளிந்த கை, கதவு சாத்தியிருந்தபோது மட்டும்தான் வெளியே வந்தது.

மகன் இறங்கினான். அவளையும் கைகொடுத்து இறக்கினான். கையை விடவில்லை. "சொல்லு."

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் அவன் விரல்கள் அவள் விரல்களில் ஒட்டியிருந்த பட்டியைத் தடவிக்கொண்டிருந்தன, சின்ன வயதில் மாவு பிசையும்போது வந்து தடவுவானே, அதே மாதிரி.

"கை நடுங்க ஆரம்பிச்சுடுச்சுடா அவருக்கு. ஒரு கோடு நேரா வரைய முடியல. ஆபீஸ்ல யாருக்கும் தெரியறதுக்குள்ள விட்டுட்டு வந்துட்டாரு. உனக்குத் தெரிஞ்சிடுமோன்னுதான் ராத்திரி பகலா அழுதாரு. 'எம் புள்ள என்னை ஆம்பளையா பார்க்கணும்டீ'ன்னாரு. அவர் கீழ நின்னு சொல்லுவாரு, நான் ஏறிப் பூசுவேன். ஏணியைப் பிடிச்சுக்கறதுதான் அவர் வேலை... முடிஞ்சதும், 'எஞ்சட்டையிலயும் கொஞ்சம் தெளிச்சு விடு, அவன் வர்ற நேரமாச்சு'ம்பாரு." அவள் சிரிக்க முயன்றாள். "அந்தக் கதவு ஒண்ணுதான் அவரே மாட்டினது. கோணலா மாட்டிட்டு, 'மகாராணி வந்தா தானா திறக்கும், பாரு'ன்னு ஜம்பம் வேற..."

"ரெண்டு கையாலயும் டம்ளரைப் பிடிப்பானே..." நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா மேல மரியாதைன்னு நெனச்சேனே! ஐயோ, மரியாதைன்னு நெனச்சேனே!"

மகன் கூரையைப் பார்த்தான். அலையலையான அந்தத் திட்டு. இந்த வீட்டுப் பூச்சில் அப்பாவின் கை பட்ட ஒரே இடம்.

"அப்ப... அன்னைக்கு ஏன் ஏறினாரு?"

"நான்தான் ஏறச் சொன்னேன். அதான் அப்பவே சொன்னேனே!"

"நீ சொல்லியிருக்க மாட்டே." அவன் குரல் உடையத் தொடங்கியது. "நடுங்குற கையை வச்சுக்கிட்டு இருக்கறவரை நீ ஏறச் சொல்லியிருக்க மாட்டே. நான்தான்... முந்தின நாள் ஃபோன்ல... 'நாங்க வர்றதுக்குள்ள எங்க ரூமை உங்க கையால பூசி வைங்கப்பா, இவகிட்ட உங்களைப் பத்தி அவ்வளவு பெருமையா சொல்லியிருக்கேன்'னு நான்தானே..."

ஈரப்பட்டியோடு அவள் அவன் வாயைப் பொத்தினாள்.

"இல்ல! அதுக்காக இல்ல! நீ அப்படி நெனக்கக் கூடாதுன்னுதானே நான் இத்தனை நாளா..." பிறகு கையை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "கேளு. நீ ஃபோனை வச்சதும் அந்த மனுஷன் சீட்டியடிச்சாரு. நான் கேட்டே எவ்வளவு காலமாச்சு தெரியுமா? 'இந்த ஒண்ணை மட்டும் நானே பண்றேன்டி'ன்னாரு. நான் கடைக்குப் போயிட்டு வந்து சேர்ந்து பண்ணலாம்னேன். சரின்னாரு. நான் போனதும் ஏறிட்டாரு. சந்தோஷமா ஏறினாருடா... பயந்துக்கிட்டு இல்ல. உங்கிட்ட ஏதும் பாக்கி வச்சுட்டுப் போகல அவரு."

அவன் தரையிலே உட்கார்ந்துவிட்டான். அவளும் பக்கத்தில் உட்கார, அவள் மடியில் முகத்தைப் புதைத்து, சின்னப் பிள்ளை மாதிரி குலுங்கினான். முடியில் வெள்ளை ஒட்டிக்கொள்வதைப் பற்றிக் கவலைப்படாமல் அவள் அவன் தலையைக் கோதினாள், இடது கையால், எல்லோர் முன்னாலும். நாத்தனார் வந்து, பேச்சு எதுவும் இல்லாமல், அந்தக் கையைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். வாசற்படியில் மருமகள் அழுதுகொண்டே, பட்டி கெட்டிப்பட்டுவிடுமே என்று, ஏணியிலிருந்து இறக்கிய வாளியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறிச் சுவர்க்கோடுகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. திட்டின் அலைகளும் மங்கின. அவள் தலையை உயர்த்திக் கவனித்தாள். அந்தச் சத்தம் கேட்டது. சரக்... சரக்... தயக்கம். பிறகு ஒன்றும் கேட்காத அந்த இடம் வந்தது. ஆனால் இன்று அது காலியாக இல்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருப்பதைப் போல இருந்தது.

மகன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். திட்டைச் சுட்டிக்காட்டினான். "அதைத் தொட வேண்டாம். அதைச் சுத்தி மட்டும் பூசிடலாம்."

"கதவு?" என்றாள் மருமகள்.

"அதையும்தான். கோணலாவே இருக்கட்டும்."

பிறகு அவன் ஏணியை இழுத்துத் திட்டின் ஓரத்துக்கு நேராக நிறுத்தினான். அசைத்துப் பார்த்தான். குனிந்து, ஏணியின் முன்கால்கள் இரண்டையும் இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டான்.

"ஏறும்மா," என்றான். "நான் பிடிச்சிருக்கேன்."

அவள் தகட்டை இடது கையில் எடுத்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். ஏணி அசையவில்லை. பின்னால் கீல் ஒரு தடவை முனகியது; ஏற்கெனவே திறந்திருந்த கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.