பல் அடைத்த கேமரா

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் வாயிலிருக்கும் முப்பத்திரண்டு பல்லின் மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன். நேரில் பார்த்ததை அப்படியே தருகிறேன். நேரில் பார்க்காததை அதைவிட அப்படியே தருகிறேன்.

கேமரா காணாமல் போனது ஒரு வியாழக்கிழமை மாலை தெரியவந்தது. தெரியவந்தபோது போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் அந்த இடத்திலேயே இருந்தார். வாயைத் திறந்தபடி இருந்தார்.

இடம் ஒரு பல் டாக்டரின் கிளினிக். கீழே கிளினிக், மேலே வீடு. கடைவாய்ப் பல்லை ஒரு கையால் பொத்திக்கொண்டு, அடுத்த ஆளாக நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். மடியில் நாலாக மடித்த செய்தித்தாள். அங்கே எல்லாமே நாலாகத்தான் மடிந்திருக்கும்: துண்டு, முகமூடி, ரசீது. வரவேற்பு மேஜையில் உட்காருவது டாக்டரின் மனைவி. நோயாளிகளையும் நாலாக மடிக்க முடிந்தால் இன்னும் நாலு நாற்காலி போடலாமே என்று யோசிக்கிற பெண்மணி.

டாக்டருக்குப் பல் பிழைப்பு, புகைப்படம் உயிர். விடுமுறை நாளில் பறவைகளைப் படம் எடுப்பார், வேலை நாளில் பற்களை. இரண்டையும் பெரிதாக்கி ஒரே சுவரில் மாட்டியிருந்தார். மீன்கொத்தியின் அலகு என்று நான் வெகுநேரம் ரசித்துக்கொண்டிருந்தது யாரோ ஒருவரின் கோரைப்பல்.

உள்ளே இன்ஸ்பெக்டருக்கு மரத்துப்போக ஊசி போட்டாகிவிட்டது. வலிக்கிற பல்லைக் குடைவதற்கு முன் மற்ற பற்களையும் ஒரு பார்வை பார்த்தார் டாக்டர். நீல விளக்கு ஒன்றை வாய்க்குள் அடித்தார். ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தகடு வழியாகப் பார்க்கச் சொன்னார். என்றோ அடைத்த பல்லில் அடைப்பு மட்டும் தனியாகப் பளிச்சென்று மின்னியது. வெறும் கண்ணுக்குத் தெரியாத துணுக்கைக்கூட இந்த விளக்கு காட்டிக்கொடுத்துவிடும் என்று பெருமையாகச் சொன்னார். பிறகு குடைந்தார். பாதி குடைந்ததும் பல்லைப் படம் எடுக்க வேண்டுமென்று பின்னறைக்குப் போனார். கழுத்துச் சங்கிலியிலிருந்த சாவியால் இரும்பு அலமாரியைத் திறந்தார்.

அதற்குப் பிறகு வந்த சத்தத்தை எந்த நோயாளியும் அந்த கிளினிக்கில் எழுப்பியதில்லை.

அலமாரியில் கேமரா இல்லை. அதன் தோள்வார் மட்டும் இருந்தது. டீக்கறை படிந்த, நைந்துபோன வார். பூட்டு உடையவில்லை. இன்னொரு சாவி மேலே வீட்டில், சமையலறை ஆணியில் தொங்குவது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழவில்லை. முதலில் பல்லை முடிக்கும்படி சைகை காட்டினார். டாக்டர் தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். புயலில் சிக்கிய தென்னை ஓலை மாதிரி ஆடின.

"இந்தக் கையால டிரில்லைப் பிடிச்சேன்னா, உங்க நாக்குக்கு நான் பொறுப்பில்ல சார்."

மருந்தின் வேகம் எவ்வளவு நேரம் இருக்குமென்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கேட்டது புரிய மூன்று தடவை ஆனது. இரண்டு மணி நேரம், கூடிப்போனால் கொஞ்சம் மேலே என்றார் டாக்டர். அதற்குப் பிறகு? டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் எழுந்தார். கழுத்தில் கட்டிய துண்டோடு விசாரணை தொடங்கியது.

அவருடைய பணிக்காலத்திலேயே மிகச் சுருக்கமான விசாரணை அதுதான். ஒரு சொல்லுக்கு மேல் பேசினால் எச்சில் வழிந்தது.

முதலில் டாக்டரின் மனைவி. அந்த அம்மாள் கலங்கவேயில்லை. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார்.

"கேமரா?"

"அது கிடக்குது சார் பழசு. கீழ விழுந்து மூலை ஒடைஞ்சு, இவரே பல்லுக்கு வைக்கிற மருந்தை வச்சு அடைச்சு வச்சிருந்தாரு. நாளைக்கு நிதானமாத் தேடிக்கலாம். நீங்க உட்காருங்க, பல்லைப் பாருங்க."

"புகார்?"

"அய்யோ, புகாரெல்லாம் வேணாம்."

அடுத்து டாக்டரின் மச்சினன், அந்த அம்மாளின் தம்பி. கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவர். நாளுக்கு ஒரு தடவையாவது வந்து, "மாமா, உங்க கேமராவைக் கொஞ்சம் கொடுங்க" என்று கேட்கிறவர். அன்று மத்தியானமும் வந்திருக்கிறார், இன்னும் போகவில்லை. இன்ஸ்பெக்டர் அவருடைய பையைக் காட்டச் சொன்னார். லென்ஸ் துடைக்கும் துணி ஒன்று, தூசி ஊதும் ரப்பர்ப் பந்து ஒன்று, பட்டாணிப் பொட்டலம் ஒன்று. பட்டாணியில் கொஞ்சம் பறிமுதல் செய்யப்பட்டது. மெல்ல முடியாது என்பது நினைவுக்கு வந்ததும் திருப்பித் தரப்பட்டது.

பிறகு இன்ஸ்பெக்டர் பின்னறையைத் தானே சோதித்தார். அலமாரியின் அடித்தட்டில், நோயாளிகளின் தாடையை அச்செடுத்த மாவுப் பொம்மைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. முப்பது பேருடைய சிரிப்பை விலக்கிவிட்டுக் கையை விட்டார். ஒரு கேமரா வந்தது. மூலையில் பல் அடைப்பு.

"இது?"

டாக்டர் ஓடிப்போய் அறைக் கதவைச் சாத்தினார். வெளியே மனைவி இருக்கிறாளா என்று சாவித்துவாரம் வழியாகப் பார்த்தார். அந்தத் துவாரத்தின் மறுபக்கம் என் கண் இருந்தது. என்னைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

உண்மை அப்போது வெளியே வந்தது. அடித்தட்டில் இருந்தது பழைய கேமரா. காணாமல் போனது புதியது. போன மாதம்தான் வாங்கியிருந்தார். அதற்கு முன்னால் ஒரு லென்ஸ் வாங்கியபோதே மனைவியிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்: இனி ஒரு கேமரா வாங்கினால் வீட்டிலுள்ள கேமரா அத்தனையும் மச்சினனுக்கு. அதனால் புதியதற்கு வேஷம் போட்டார். பழையதன் நைந்த வாரை அதில் மாட்டினார். மாடல் எண் மேல் பிளாஸ்திரி ஒட்டினார். பழையதற்கு மூலையில் அடைப்பு இருந்ததல்லவா, சொத்தையே இல்லாத புதியதன் மூலையிலும் அதே மருந்தை அதே அளவு அப்பி, காயவைத்து, வழவழப்பாக்கினார்.

"என் கையால செஞ்ச அடைப்புலயே அதுதான் சார் அழகான அடைப்பு" என்றார்.

விஷயம் யாருக்குத் தெரியும் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். வாங்கிய கடைக்காரருக்குத் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டேனென்று வாக்குக் கொடுத்திருக்கிறார். மச்சினன் மோப்பம் பிடித்திருக்கலாம். குட்டு வெளிப்பட்டால் மச்சினனுக்கு இரட்டை லாபம். ஆகவே மச்சினன்தான் என்று டாக்டர் முடிவே கட்டிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் முடிவு கட்டவில்லை. வாரைக் கையில் எடுத்தார். நாலாக மடிந்திருந்தது. குப்பைக் கூடையைக் கிளறினார். ஸ்பிரிட் வாசனையோடு ஒரு கைப்பிடி பஞ்சு, எல்லாவற்றிலும் கறுப்பு அழுக்கு. மத்தியானம் நீங்கள் ஸ்பிரிட்டால் எதையாவது துடைத்தீர்களா என்று டாக்டருக்கு உதவியாக இருக்கும் நர்ஸிடம் கேட்டார். இல்லை சார், பாட்டில் பாதியாகக் குறைந்ததைப் பார்த்து நானே சந்தேகப்பட்டேன் என்றது அந்தப் பெண்.

அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டரின் கீழுதட்டில் குறுகுறுப்பு தொடங்கியது. உணர்ச்சி திரும்புகிறது. அவர் முகத்தில் நான் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன். எல்லோரையும் சிகிச்சை அறைக்குள் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை, நானே போனேன். உதடு பாதி உயிர்பெற்றிருந்ததால் இப்போது முழு வாக்கியமாகவே பேசினார்.

"திருடறவனுக்கு அவசரம். வாரோட அள்ளிட்டுப் போவான். இந்த வாரைக் கழட்ட நகம் வேணும், பொறுமை வேணும். கழட்டினதும் இல்லாம மடிச்சு வேற வச்சிருக்காங்க. அதுவும் நாலா."

எல்லோருடைய பார்வையும் வரவேற்பு மேஜைப் பக்கம் திரும்பியது. மேஜைத் துண்டு, நாலாக மடிந்து, ஒன்றும் தெரியாதது போல் கிடந்தது.

"மச்சினன் மேல சந்தேகம்னு சொன்னாங்க. கேமரா வச்சிருக்கிறவன் எவனாவது ஸ்பிரிட்டை ஊத்தித் தேய்ப்பானா?"

மச்சினன் அந்த எண்ணத்துக்கே உடம்பு சிலிர்த்தார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்திரம் மாதிரி தேய்ச்சிருக்காங்க. அடுத்தவங்க கையில கொடுக்கப்போற பொருள், அழுக்கா இருந்தா குடும்ப மானம் போயிடும்னு நினைக்கிறவங்க செஞ்ச வேலை. நாளைக்குத் தேடிக்கலாம்னு சொன்னவங்க ஒருத்தர்தான். ஏம்மா, நாளைக்கு என்ன விசேஷம்?"

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார். நாளைக்கு இவருக்குப் பிறந்தநாள் என்றார். மேலே போய், பளபளக்கும் தாள் சுற்றிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். மூலை ஒடிந்த கேமராவோடு அவர் மீன்கொத்திக்குப் பின்னால் அலைவதைப் பார்க்கப் பாவமாக இருந்ததாம். சத்தியம் வாங்கியது தான்தானே, தானே வாங்கிக் கொடுத்தால் சத்தியம் கெடாதே என்று தோன்றியதாம். அதனால் பழையதைத் தெருக்கோடிக் கேமராக் கடையில் கொடுத்து, எக்ஸ்சேஞ்சில் புதியது வாங்கிவிட்டார். பிளாஸ்திரியை மட்டும் பிரிக்கவில்லை. அடியில் கீறல் ஏதாவது இருந்து விலையைக் குறைத்துவிட்டால்?

டாக்டர் அழுதார். மனைவி அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து வந்தது அவர் ரகசியமாக வாங்கிய அதே மாடல். ஒரு நிமிடம் எல்லாம் சுபமாக முடியும்போல் இருந்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் நீல விளக்குக்குக் கை நீட்டினார்.

"டாக்டர், இந்த லைட் எதையும் மறைக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஆரஞ்சுத் தகட்டைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். கேமராவின் மூலையில் விளக்கை அடித்தார். கடுகளவு ஒரு துணுக்கு பளிச்சென்று மின்னியது.

தகட்டை வாங்கி அந்த அம்மாளும் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"ஏங்க," என்றார். "பெட்டியிலருந்து இப்பதானே பிரிச்சோம். இதுக்கு யாருங்க பல் அடைச்சது?"

டாக்டர் வாயைத் திறந்தார். எத்தனையோ பேரிடம் திறக்கச் சொன்ன மனிதர், தானே திறந்து நின்றது அன்றுதான். மாவுப் பொம்மைப் பெட்டியிலிருந்து பழைய கேமராவும் வெளியே வந்தது. கேமராக் கடைக்காரருக்கு ஆள் போயிற்று. குற்றவாளி என்று இன்ஸ்பெக்டர் அவரைத்தான் கை காட்டினார்: ஒரே கேமராவை ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை விற்றவர். கடைக்காரர் மறுக்கவில்லை. ரொம்பவும் மரியாதையாக நின்றார்.

"டாக்டருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன் சார், வெளிய சொல்ல முடியாது. இந்தம்மா வந்து பழசுன்னு நீட்டுறாங்க. நான் என்ன செய்ய? பழசுன்னே எடுத்துக்கிட்டேன். புதுசு கேட்டாங்க. கடையில இருந்த புது பீசு அது ஒண்ணுதான். மூலையில இருந்த அடைப்பைச் சுரண்டிட்டுக் கொடுத்தேன். கூடுதலா வந்த பணத்தைத் தொடல சார். எப்படியும் அடுத்த மாடலுக்கு டாக்டர் வருவாரு. அதுக்கு முன்பணமா வச்சிருக்கேன்."

"வருவாரா?" என்றார் மனைவி.

"ஏற்கெனவே சொல்லி வச்சுட்டாரும்மா."

மச்சினன் மெதுவாகத் தன் பையைத் திறந்து, இரண்டு கேமராவுக்கு இடம் ஒதுக்க ஆரம்பித்தார். அதே நொடியில் இன்ஸ்பெக்டருக்கு மருந்து முழுதாக இறங்கியது. சட்டம் ஒழுங்கைக் காக்கிற மனிதர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, அவரை மன்னிச்சிடுங்க. எனக்காக வேணாம். என் பல்லுக்காக."

அந்த அம்மாள் இரக்கமுள்ளவர். ஆனால் முறை தெரிந்தவர். ஒரு தீர்ப்புச் சொன்னார். இன்ஸ்பெக்டரின் பல்லை இரண்டு கேமராவிலும் ஒவ்வொரு படம் எடுக்க வேண்டும். படங்களைக் கம்ப்யூட்டர் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். எது புதியது என்று டாக்டர் சரியாகக் காட்டிவிட்டால் சத்தியம் ரத்து, புதியது அவருக்கே. காட்டத் தவறினால் அது அவருக்கு எதற்கு?

டாக்டரின் நடுக்கம் அந்தக் கணமே நின்றது. இது அவருடைய களம். இரண்டு படம் எடுத்தார். நர்ஸ் அவற்றைத் திரையில் போட்டது, எது எது என்று சொல்லாமல். டாக்டர் மூக்கு திரையில் படுமளவுக்குக் குனிந்தார். பின்னுக்கு நகர்ந்தார். கண்ணைச் சுருக்கினார். பிறகு சிரித்தார்.

"இதுல என்ன சந்தேகம்? இடது பக்கம். நிழல்ல எவ்வளவு விவரம் பாருங்க. அந்த மஞ்சளோட ஆழத்தைப் பாருங்க. பழைய கேமரா ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படி ஒரு சொத்தையை எடுக்காது."

நர்ஸ் கீழே உதிர்ந்து கிடந்த மாவுத் துகளைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டது. மச்சினன்தான் சொன்னார், அதுவும் அன்பாகச் சொன்னார்.

"மாமா, இடது பக்கம் பழசு."

பழைய கேமரா டாக்டருக்குத் திரும்பி வந்தது. புதியதை அந்த அம்மாள் தன் தோளில் மாட்டிக்கொண்டார். இப்போது பறவைகளை அவர்தான் எடுக்கிறார். டாக்டர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறார். சத்தியப்படி தனக்கு வரவேண்டியது என்ன ஆயிற்று என்று மச்சினன் கேட்டார். நைந்த வாரை அவர் கையில் வைத்தார் அக்கா. நாலாக மடித்துத்தான் வைத்தார்.

இன்ஸ்பெக்டருக்கு இன்னொரு ஊசி போட்டு, அசையாத கையோடு பல்லை முடித்தார் டாக்டர். அந்தப் பல்லின் படம் இப்போது மீன்கொத்திக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

அந்த கிளினிக் கட்டுவதற்குக் கடைக்கால் தோண்டிய வருஷமே என் கடைசிப் பல்லும் விழுந்துவிட்டது.