ஒன்றும் தென்படவில்லை

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காவல் மாற மேலே வந்தவள் பயண நோட்டைப் புரட்டியபோது, கணவனின் பக்கத்தில் ஒரு கிண்டல்கூட இல்லாததைக் கவனித்தாள்.

மூன்று வருடமாக அந்தப் பாய்மரப் படகுதான் அவர்கள் வீடு. பதினோரு மீட்டர் நீளம். ஒரு படுக்கை, ஒரு சமையல் மேடை, உட்கார்ந்தால் முழங்கால் கதவில் இடிக்கும் கழிப்பறை. கரையில் இருந்தபோது அவன் இயற்பியல் வாத்தியார். அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். இருவர் மட்டும் பெருங்கடலைத் தாண்டும்போது, மூன்று மணி நேரத்துக்கு ஒருவராக மாறி மாறி மேலே உட்கார வேண்டும். மணிக்கு ஒருமுறை காற்று, திசை, வேகம் ஆகியவற்றை எழுதி, கடைசிக் கட்டத்தில் கண்ணில் பட்டது என்ன என்று குறிக்க வேண்டும். அவள் மருந்துச் சீட்டு எழுதுவது போலத்தான் எழுதுவாள். அவனோ, 'திமிங்கிலம் ஒன்று. என்னைவிட ஒல்லி' என்பான். 'மேகம், மாமனார் சாயலில். கடனாக எதுவும் கேட்கவில்லை' என்பான். புயலடித்த இரண்டு நாளிலும்கூட அந்தக் கட்டம் காலியாக இருந்ததில்லை.

செவ்வாய் காலை ஏழு மணியிலிருந்து அவன் எழுதியிருந்ததெல்லாம் ஒரே வரிதான். ஒன்றும் தென்படவில்லை.

அது அவளுடைய வரி. திங்கள் மாலை நான்கு மணிக்கு அவள் எழுதியது.

திங்கள் மதியம் புயல் ஓய்ந்திருந்தது. ஏறக்குறைய நாற்பது மணி நேரம் சரியாகக் கண்மூடாதவன் கீழே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து நல்ல காற்று. இரண்டு பாய்களையும் இரு பக்கமும் விரித்து, கழி கொடுத்துக் கட்டியிருந்தார்கள். அதைப் பிரித்துப் படகைத் திருப்ப வேண்டுமென்றால் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். அப்போதுதான் வலது பக்கம் அரை மைல் தள்ளி ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று அலைமேல் ஏறி இறங்கியது. மிதவை என்று நினைத்தாள். பைனாகுலரை எடுத்துப் பார்த்தாள். ரப்பர் தோணி. அதில் ஒரு கை மேலே எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்தது. அவள் பைனாகுலரை இறக்கி, சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள், அந்த நிறம் படகின் பின்பக்கம் போய், பிறகு அலைகளுக்குள் போகும்வரை. பிறகு நோட்டை எடுத்து எழுதினாள்.

மருந்துக்கடைக்காரிக்குத் தெரியாத கணக்கா? தண்ணீர் இல்லாமல் வெயிலில் ஒரு ஆள் மூன்று நாள் தாங்கலாம். திங்கள், செவ்வாய், இன்று. இப்போது சொன்னால் ஒருவேளை. நாளைக்குச் சொன்னால் அது வெறும் பாவமன்னிப்பு.

இது தெரிந்தும் இரண்டு நாளாக வாயைத் திறக்கவில்லை. இந்த இரண்டு நாளில்தான் படகில் அந்த வாசனை வர ஆரம்பித்திருந்தது. வெயிலில் காய்ந்த ரப்பரின் வாசனை. தலையணையில், தண்ணீர் டம்ளரில், முகம் துடைக்கும் துண்டில். அலை படகின் அடியில் மோதுகிற பழகிப்போன சத்தத்துக்கு நடுவே, ஈரமான எதன்மீதோ உள்ளங்கையால் தட்டுவது போல இன்னொரு சத்தம் தாளம் தப்பாமல் வந்துகொண்டிருந்தது. அவள் காதைத் தீட்டினால் நின்றுவிடும். வேறு வேலை பார்த்தால் தொடங்கும். எல்லாம் தன் மனசாட்சி பண்ணுகிற வேலை என்று இதுவரை நினைத்திருந்தாள்.

நோட்டை மூடிவிட்டுக் கீழே இறங்கினாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"ஏங்க, தூங்கிட்டீங்களா?"

"தூங்கிட்டேன்னு சொன்னா நம்பவா போற."

"நோட்டுல ஒண்ணுமே எழுதலையே."

"எழுதியிருக்கேனே."

"எங்கப்பா மேகம் எதுவும் வரலையா?"

"உங்கப்பா லீவு போட்டுட்டாரு." குரலில் சிரிப்பு இல்லை. இந்தப் பக்கம் திரும்பவும் இல்லை.

அவள் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தாள். சொற்களை ஒரு தடவை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தாள். எந்த வரிசையில் வைத்தாலும் கேவலமாகத்தான் இருந்தது.

"திங்கக்கிழமை ஒரு ஆளப் பாத்தேன். ரப்பர் தோணில. கைய ஆட்டுனாரு. நான் உங்கள எழுப்பல."

அவன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"திங்கக்கிழமையா?"

"நாலு மணிக்கு."

"வலது பக்கமா?"

அவள் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"நான் பாத்தது செவ்வாய்க்கிழமை," என்றான். "காலையில ஏழு மணிக்கு."

"ஏன் எழுப்பல?"

"நீ அப்பதான் படுத்த. பாவம்னு விட்டுட்டேன்." படுக்கையிலிருந்து கால்களைக் கீழே இறக்கினான். "அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

வரைபடத்தை மேசையில் விரித்தார்கள். அவள் ஒரு புள்ளி வைத்தாள். அவன் ஒரு புள்ளி வைத்தான். இடையில் எண்பத்தெட்டுக் கடல்மைல். இரண்டு பாயும் நிறைந்த காற்றில் அவர்களுக்கே பதினைந்து மணி நேரம் பிடித்த தூரம். தோணிக்குப் பாய் கிடையாது.

"வேற ஆளா இருக்கும்," என்றாள்.

"தலையில செவப்புத் துணி கட்டியிருந்தாரா?"

அவள் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தலையசைத்தாள்.

அவன் வயர்லெஸ்ஸை எடுத்து, முதல் புள்ளியின் எண்களைச் சொன்னான். பிறகு இரண்டாவது புள்ளியின் எண்களையும். இரைச்சல்தான் வந்தது. மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு மாட்டினான்.

"திருப்பிடலாம்," என்றான். "எவ்வளவு நாளானாலும் சரி."

அவளுக்கு அழுகை வந்தது. நிம்மதியில்.

இருவரும் மேலே ஏறினார்கள். கழியைக் கழற்றி, பாய்களை இறக்கி, அவை காலடியில் சுருண்டு கிடக்க, இன்ஜினைப் போட்டுப் படகைத் திருப்பினார்கள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. அவள் முன்முனைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் புள்ளிக்கு இரண்டு நாள் ஆகும். இரண்டாவதற்கு ஒரு நாளுக்கு மேல். தண்ணீர், உப்பு, சர்க்கரை, துணி, காயத்துக்கு மருந்து. என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று மனதுக்குள் பட்டியல் போட ஆரம்பித்தாள்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

எதிரே ஆரஞ்சு நிறம்.

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவனும் பார்த்துவிட்டிருந்தான். இன்ஜின் வேகத்தைக் குறைத்தான். ரப்பர் வாசனை. இந்த முறை நிஜக் காற்றில்.

தோணி நெருங்கியது. அந்த ஆள் அவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். தலையில் சிவப்புத் துணி. வலது கை எழுந்தது. விழுந்தது. எழுந்தது. இடது கை தோணியின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே," என்று கூப்பிட்டாள். "இந்தப் பக்கம். வந்துட்டோம்."

அவர் திரும்பவில்லை.

கணவன் கயிற்றை வீசினான். குறி தப்பவில்லை. அவர் மடியில் விழுந்தது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கழுத்துத் தோல் உரிந்து, உலர்ந்து, காகிதம்போல் காற்றில் படபடத்தது. கை மட்டும் ஓயவில்லை.

அவர் பார்க்கும் திசையில் அவளும் பார்த்தாள்.

அரை மைல் தள்ளி ஒரு பாய்மரப் படகு. இரண்டு பாயும் விரித்து, நல்ல காற்றில். ஒரு பாயின் மூலையில் நீல ஒட்டு.

அவள் காலடியில் பார்த்தாள். சுருண்டு கிடந்த பாயின் மூலையில் நீல ஒட்டு. போன மழைக்காலத்தில் அவள் கையால் தைத்தது.

"நம்மளுது," என்றான் கணவன், மிக மெதுவாக.

அவள் கையைத் தூக்கினாள். ஆட்டினாள். அவனும் ஆட்டினான். இன்ஜின் எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். மூன்று கைகள். எழுந்து, விழுந்து, எழுந்து.

தூரத்துப் படகில் ஒரு பெண் எழுந்து நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள்.

பிறகு உட்கார்ந்தாள்.