பாலம்மா பேசுறேன்

விருதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கி, பருப்பு மில்களைத் தாண்டி, ரோஜா அந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் மிளகாய் வத்தல் மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியாக இருந்த வீடு. இப்போது நிலைக்கு மேலே வெளிநாட்டு ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கும் போர்டு தொங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலெடுத்து வைத்ததும் பழைய வத்தலின் காரம் தொண்டையைக் கவ்வியது.

அதற்கு அடியில் இன்னொரு வாடை. ஈரத் துணியைப் பிழியாமல் வெகுநாள் மூடிவைத்தது போல, உப்புக் கலந்த வாடை. விருதுநகருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

"வாங்க டீச்சர், வாங்க. சாப்பிட்டீகளா?" ஏஜெண்ட் வெள்ளைத்துரை வாயெல்லாம் பல்லாக வரவேற்று, கடைசி அறைக்குக் கூட்டிப்போனான். ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரே ஒரு கதவு.

ரோஜாவின் கண் தானாகவே அந்தக் கதவுக்குப் போனது. அவள் அப்பா முனியராஜ் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட மனுஷன். காலையில் கிளம்பும்போது சொல்லியிருந்தார்: "ஏத்தா, வேல எம்புட்டுப் பெருசுன்னு பாக்காத. வெளிய வார வாசல் எங்கன இருக்குன்னு பாரு." வெடிமருந்து அறைக்குப் பல பக்கம் வாசல் வைத்துத்தான் கட்டுவார்கள். ஆபத்து என்றால் எந்தப் பக்கமும் பாயலாம். பள்ளிக்கூட லீவுகளில் அப்படி ஒரு அறையில் உட்கார்ந்து பட்டாசுத் திரி வெட்டித்தான் ரோஜா பி.எட். வரைக்கும் வந்தாள். இப்போது உள்ளூர் மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். வாங்கும் சம்பளம் அப்பாவின் மருந்துச் சீட்டைத் தாண்டுவதில்லை.

பாஸ்போர்ட்டும் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளும் இருந்த ஃபைலை மேசைமேல் வைத்தாள். அதை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"எந்தத் தீவு அண்ணாச்சி?"

"மாலத்தீவுல எல்லாத் தீவும் ஒண்ணுதான் டீச்சர். சுத்தித் தண்ணி."

"ஸ்கூல் பேரு?"

"எறங்குனதும் கூட்டிட்டுப் போக ஆள் வருவாக. அவுக சொல்லுவாக."

"பாஸ்போர்ட் யார்ட்ட இருக்கும்?"

"பத்திரமா இருக்கும்."

"பிடிக்கலைன்னா பாதியில திரும்பி வரலாமா?"

வெள்ளைத்துரை சிரித்தான். "தாலி கட்டுறதுக்கு முந்தியே அத்துவிடச் சொல்றீகளே டீச்சர்!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்க மூலமா அங்கன போன டீச்சர் யார்ட்டயாவது நான் பேசணும். பேசிட்டுத்தான் ஃபைலத் தருவேன்."

அவன் இதற்குக் காத்திருந்தவன் போல செல்போனை எடுத்தான். "நம்ம அச்சங்குளத்துப் பிள்ளை ஒண்ணு. பாலம்மாள். போன வருசம் அனுப்புனேன். ராணி மாதிரி இருக்கு."

ரோஜா முகத்தில் எதையும் காட்டவில்லை. பாலம்மாளும் அவளும் ஒரே அறையில் திரி வெட்டிப் படித்து டீச்சர் ஆனவர்கள். மருந்துத் தூசியில் பாலம்மாளின் தொண்டை சின்ன வயதிலேயே கெட்டுவிட்டது. அவள் பேசினால் மரப்பெட்டியைத் தரையில் இழுப்பது போலிருக்கும். 'ஆம்பிளைத் தொண்டை' என்று கேலி செய்த பெண்களில் ரோஜாவும் ஒருத்தி.

அவன் ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தான்.

"பாலம்மா பேசுறேன்." தேனில் குழைத்த குரல். "நல்லா இருக்கீகளா டீச்சர்? தயங்காம வாங்க. அருமையான எடம்."

இது பாலம்மாள் இல்லை.

ரோஜாவின் கை ஃபைலை இறுக்கியது. என்ன சொல்லி எழுந்து போவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மின்விசிறி ஒரு முனகலோடு நின்றது. விளக்கும் போனது. கரண்ட் கட்டைச் சபிக்காத ஆளில்லை அந்த 2008-ஆம் வருடம். ஆனால் அந்த அறையில் விழுந்த இருட்டு மதியத்து இருட்டு இல்லை. கிணற்றடி இருட்டு. போனின் சின்ன வெளிச்சம் மட்டும் மேசைமேல் கிடந்தது.

உப்பு வாடை குப்பென்று ஏறியது.

"மாமா..." போனில் தேன் குரல் இப்போது தடுமாறியது. "உங்க பக்கத்துல யாரு? லைன்ல வேற ஒருத்தி அழுறா மாமா."

"கிறுக்கி, போனை வையி!" வெள்ளைத்துரை சீறினான்.

போன் அணைந்தது.

அழுகை நிற்கவில்லை.

அது மேசைக்கு அடியிலிருந்து வந்தது. பிறகு, ரோஜாவின் காலுக்குப் பக்கத்தில், யாரோ ஈர உள்ளங்கையால் தரையில் அறைந்தார்கள்.

சத்.

சத்.

அவர்கள் திரி அறையில் ஒரு வழக்கம் உண்டு. புகையைக் கண்டவள் கத்தக் கூடாது. கத்தினால் எல்லாரும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு சாவார்கள். தரையில் இரண்டு முறை அறைவாள், அவ்வளவுதான். கேட்டவர்கள் அப்படியே எழுந்து வெளியே போக வேண்டும். எதையும் எடுக்கக் கூடாது. அப்படி ஒருநாள் அறைந்து அறை முழுக்க ஆட்களைக் காப்பாற்றியவள் பாலம்மாள். தூக்குச்சட்டியை எடுக்கத் திரும்பிய கருப்பம்மாளைத்தான் மறுநாள் சாக்கில் அள்ளினார்கள்.

"எந்திரி ரோசா." மரப்பெட்டி இழுபடும் குரல். "எதையும் எடுக்காத."

புத்திக்கு முன்னால் உடம்பு எழுந்தது. கை ஃபைலை விட்டது. இருட்டில் வெள்ளைத்துரை சிரிக்கப் பார்த்தான். "எங்க போறீக டீச்சர்? ஒங்க சர்டிபிகேட்டு எல்லாம் இங்கனதான கெடக்கு?"

படித்த படிப்பு மொத்தமும் அந்த மேசையில் கிடந்தது. ஒரு எட்டு திரும்பினால் எடுத்துவிடலாம்.

அவள் திரும்பவில்லை.

முதுகுக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளிருந்து அவன் கதவைத் தட்டத் தொடங்கினான். வாசலில் கிடந்த செருப்பையும் எடுக்காமல் ரோஜா ரோட்டுக்கு ஓடினாள்.

சுடுதரையில் வெறுங்காலோடு நின்று சாத்தூர் பஸ்ஸைப் பிடித்தாள். டூப்ளிகேட் வாங்க ஆபீஸ் ஆபீஸாக நாயாய் அலைய வேண்டும். அலையலாம். உயிர் இருந்தால் அலையலாம். ஆனால் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அச்சங்குளத்துக்குப் போனாள்.

பொழுது சாயும் நேரம். பாலம்மாளின் அம்மா வேலுத்தாய் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். "கால்ல செருப்புக்கூட இல்லாம எங்கனருந்துடி ஓடி வார?"

"பாலம்மா... பேசுனாளா அத்தை?"

"வாரா வாரம் பேசுதாளே." வேலுத்தாயின் முகம் மலர்ந்தது. "அங்கன போயி தொண்டை தெளிஞ்சிருச்சு தாயி. கடல் காத்துல்ல? குயிலு கணக்காப் பேசுதா."

தேனில் குழைத்த அந்தக் குரல் ரோஜாவின் காதில் திரும்பவும் கேட்டது.

பாலம்மாளின் தங்கச்சி ஓவியா கண்ணாடிக் கவர் போட்ட புது ஃபைலைக் காட்டினாள். "எனக்கும் அக்கா அங்கன வேல பாத்துட்டா ரோசாக்கா. நாளைக்கு வெள்ளைத்துரை அண்ணாச்சிட்ட சர்டிபிகேட்டக் குடுக்கணும். முன்னாடியெல்லாம் என்னைய 'ஏ குட்டச்சி'ன்னுதான் கூப்பிடுவா. இப்ப 'ஓவியாக் கண்ணு'ங்கா. வெளிநாட்டு மரியாதை!"

"ஓவியா, அது ஒங்க அக்கா இல்ல. நான் சொல்றதக் கேளு..."

செல்போன் அடித்தது.

"அக்காதான்!" ஓவியா கையை நீட்டினாள்.

வீட்டுக்குள் உப்பு வாடை ஏறியது. சுருட்டிவைத்த குழாய்களுக்கு நடுவே, யாரும் இல்லாத இடத்தில், ஈரக் கை தரையில் விழுந்தது.

சத்.

சத்.

ஆயுசு முழுக்க மருந்து அறையில் உட்கார்ந்த வேலுத்தாய் ஏன் என்று கேட்கவில்லை. ஓவியாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தாள். ரோஜா கூடவே ஓடினாள்.

"அம்மா, என் ஃபைலு..."

"எடுக்காத!"

மூன்று பேரும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். வீடு எரியவில்லை. புகையவும் இல்லை. திறந்த கதவுக்குள் கருக்கல் இறங்கிக்கொண்டிருக்க, வெற்றுத் தரையில் போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் போகவில்லை.

மணி நின்றது.

தானாக அல்ல. யாரோ போனை எடுத்ததுபோல் நின்றது.

வேலுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வருடமாக அவள் கேட்காத குரல், மரப்பெட்டியைத் தரையில் இழுக்கும் குரல், ஆளில்லாத வீட்டுக்குள்ளிருந்து நிதானமாகச் சொன்னது.

"பாலம்மா பேசுறேன்."