மூன்று தட்டு

வளைகுடாவில், புஜைராவின் அந்த உள்விளையாட்டு அரங்கத்தில் தெற்குப் பக்க இருக்கைகள் மட்டும் முழுவதும் மூடவில்லை. ஓர் ஆள் ஒருக்களித்து நிற்குமளவு இடைவெளி விட்டு நின்றன.

விஜயபாஸ்கர் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தான். சூடில்லை. இருக்கைகள் உருளும் தண்டவாளத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பொத்தானை அமுக்கினான். அதே இடைவெளி.

அந்த இருக்கைகள் மேசை இழுப்பறை போன்றவை. பந்தாட்டம் என்றால் படிப்படியாக வெளியே வரும். கச்சேரி என்றால் தரை வேண்டும். மோட்டார் இழுக்க, கீழ்ப்படி மேற்படிக்கு அடியில் புகுந்து, கடைசியில் எல்லாம் சேர்ந்து சுவராகிவிடும். அதற்கு முன் ஒருவன் டார்ச்சுடன் அடியில் தவழ்ந்து, கிடக்கும் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டு பின்பக்கமாக வெளியேறுவான். பொத்தானருகே நிற்பவனுக்கு அவன் தெரியமாட்டான். அதனால் வெளியே வந்ததும் இரும்புத் தூணில் மூன்று தட்டு தட்டுவான். அது கேட்ட பிறகுதான் அமுக்க வேண்டும்.

சோலைமுத்து செத்தது இந்த இருக்கைகளுக்கு அடியில்தான். தட்டிவிட்டு எதற்கோ மறுபடி உள்ளே போயிருக்கிறான் என்று முடிவு செய்தார்கள். மூன்று தட்டும் கேட்டதென்று சொன்னவன், அன்று பொத்தானை அமுக்கிய விஜயபாஸ்கர். வேறு சாட்சி இல்லை.

வெளியே நண்பகல் வெயில். ஜன்னலே இல்லாத அரங்கத்துக்குள் ஒற்றை விளக்கு.

"என்னண்ணே, ஒங்க மிஷினும் லீவு கேக்குதோ?" புதிதாக வந்த முகம்மது ஆசிக் சிரித்தான்.

இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியில் சூப்பர்வைசர் கத்தினார். "யல்லா பாய்! ஜல்தி, ஜல்தி!"

சோலைமுத்து செத்த அன்றும் இதே குரல்தான் அவசரப்படுத்தியது.

அடியில் என்ன தடுக்கிறது என்று பார்க்க இருக்கைகளை முழுவதும் வெளியே இழுத்துவிட்டார்கள். ஆசிக் டார்ச்சை எடுத்துக்கொண்டு மண்டியிட்டான். மூக்கைச் சுளித்தான்.

"கோடாலித் தைலம் தேச்சீங்களாண்ணே? வாட இங்க தூக்குதே."

விஜயபாஸ்கர் தேய்க்கவில்லை. தவழப் போகுமுன் முழங்காலில் அதைத் தேய்த்துக்கொள்கிறவன் சோலைமுத்து.

"உள்ள போய்ப் பாத்துட்டு வந்து தட்டுறேன். சோலைமுத்து அண்ணனுக்குக் காத்திருந்த மாரி, மூணும் கேட்டப்புறம் அமுக்குங்க, என்ன?"

ஆசிக்கின் தலை இருட்டுக்குள் போனது.

விஜயபாஸ்கர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"போகாத தம்பி."

"ஏன்?"

"அன்னைக்குத் தட்டே கேக்கல. அவசரத்துல அமுக்கிட்டேன். கேட்டுச்சுன்னு பொய் சொன்னேன்."

ஆசிக்கின் பார்வை விஜயபாஸ்கரின் விரலில் நின்றது. மெல்ல எழுந்து ஓரடி விலகினான்.

விஜயபாஸ்கர் வாக்கிடாக்கியை அணைத்தான். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு இருட்டைப் பார்த்துக் கிசுகிசுத்தான்.

"சோலை... மெதுவா வெளிய வா. நான் அமுக்கல. நிக்கிறேன்."

அடியில் ஏதோ உராய்ந்தது.

முழங்கால்கள். தரையின்மேல். மெதுவாக, பின்பக்கம் நோக்கி.

தைல வாடை குறைந்தது.

தட்.

ஆசிக்கின் உதடுகள் எதையோ ஓதின.

தட்.

மூன்றாவது வரவில்லை. விஜயபாஸ்கரின் ஒரு கை தானாகப் பின்னாலிருந்து விடுபட்டுப் பொத்தானை நோக்கி நகர்ந்தது. அவன் அதை மற்றொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டான்.

தட்.

அமுக்கினான். இருக்கைகள் உருண்டன. இம்முறை இடைவெளி இல்லை.

இப்போது ஆசிக்கும் அப்படித்தான் செய்கிறான். தெற்குப் பக்க இருக்கைகளை மூட வழி இதுதான்: அடியில் ஆள் அனுப்ப வேண்டாம். சோலைமுத்துவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். எவ்வளவு நேரமானாலும் மூன்று தட்டும் கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு அமுக்கினால் முழுவதும் மூடும்.