வெப்பவளை ஒலிக்கவில்லை

"இன்னும் முறுக்குங்க மாமா! மோட்டார் வெடிச்சா வெடிக்கட்டும்!"

ரெஜினா படகின் முனையில் குந்தியபடி கையை நீருக்குள் விட்டாள். காற்று எங்கே முடிந்தது, கடல் எங்கே தொடங்கியது என்று விரல்களுக்குத் தெரியவில்லை. உடம்பும் கடலும் ஒரே சூடு. இடுப்பிலிருந்த வெப்பமானியை முக்கி எடுத்தாள். 37.1.

"பத்தரை ஆச்சு. ஒன்பதுக்கே அடிச்சிருக்கணுமே..."

தொம்மை சுக்கானைத் திருப்பினார். கடல்சூட்டு நிலையத்தின் படகோட்டி அவர். அவள் அங்கே கருவி மெக்கானிக். "என்ன தாயி, தினம் ஏசிக்குள்ள உக்காந்து டீ குடிக்கிறவளுக்கு இன்னைக்கு என்ன திடீர்க் கடல் பாசம்?"

"சலேத்தக்கா உள்ள இருக்கா மாமா."

அவர் சிரிப்பு நின்றது. ரெஜினாவின் கூடப்பிறந்தவள் சலேத்மேரி. முயல்தீவுக்கு அப்பால் பாசி எடுக்க மூழ்கியிருக்கும் பதினொரு பெண்களில் ஒருத்தி.

மன்னார் வளைகுடாவில் மத்தி மீனைப் பார்த்து முப்பது வருஷமாகிறது. பவளப்பாறைகள் சுண்ணாம்பாக நிற்கின்றன. தீவு மணலில் பொரியும் ஆமைக்குஞ்சுகள் அத்தனையும் பெண். மணலின் சூடு ஆணைப் பிறக்க விடுவதில்லை. மிஞ்சியிருப்பது சூடு தாங்கும் செம்பாசி. கையால் பறித்தால்தான் அதுவும் உண்டு.

பறிக்க ஒரு விதி இருந்தது. காலை ஆறு மணிக்குக் காவல் மிதவை 35 பாகைக்கு மேல் காட்டினால் அன்று கடல் அடைப்பு. நடுவில் எல்லை தாண்டினால் ஒவ்வொருத்தி மணிக்கட்டிலும் இருக்கும் வெப்பவளை அலறும். போட்டதைப் போட்டபடி மேலே வந்துவிட வேண்டும். வராவிட்டால், சூட்டை இறக்கிவைக்க இடமில்லாமல் உடம்பு உள்ளுக்குள்ளேயே வேகத் தொடங்கும். கரையிலென்றால் வியர்வை காட்டிக்கொடுக்கும். கடலுக்குள் வியர்ப்பது யாருக்குத் தெரியும்?

பத்தொன்பது நாள் தொடர்ந்து அடைப்பு. இன்று காலைதான் மிதவை 33.8 காட்டிக் கடலைத் திறந்தது. இப்போதும் அவள் கைபேசியில் 34.2 என்றே காட்டியது.

"நேரா பொம்பளைங்ககிட்டப் போயிருவோமா?"

"ஒரு மைலுக்குச் செதறிக் கெடக்காங்க மாமா. ஒவ்வொருத்தியாத் தேடுறதுக்குள்ள முடிஞ்சிரும். மிதவைக்கு விடுங்க. அது நெசத்தச் சொன்னா பதினொரு வளையும் ஒண்ணா அடிக்கும்."

"ஆபீஸ்ல இருந்தே அடிக்க முடியாதா?"

"முடியாது. மிதவை சொன்னாத்தான் வளை கேக்கும். மனுஷன் கை பட்டா ஆளுக்கு ஆள் சலுகை காட்டுவான்னு அப்படிப் பண்ணி வச்சிருக்காங்க."

மிதவையின் மஞ்சள் வயிறு தெரிந்ததும் தொம்மை எட்டிப் பார்த்தார். நீருக்கடியில், வெப்ப உணரியை அணைத்தபடி, ஒரு தார்ப்பாய் மூட்டை.

"அடப்பாவி! ஐஸ் மூட்டைய வச்சுக் கட்டியிருக்கான்! எந்தப் பய பாத்த வேல இது?"

ரெஜினா விளிம்பில் குனிந்தாள். கத்தியால் கயிற்றை அறுத்தாள். மூட்டையைப் படகுக்குள் இழுத்த தொம்மை, வாயைப் பிரித்து உள்ளே கைவிட்டார். பாதி ஐஸ் கரையாமல் இருந்தது; சுற்றிலும் நனைந்த உமி.

"உமி போட்டு எறுக்கிக் கட்டியிருக்கான். மத்தியானம் வரைக்கும் நிக்கும். மீன்பொட்டிக்கு ஐஸ் போட்டுப் பழகுன கை இது. ஆளு வெளியூரு இல்ல தாயி, நம்ம சனந்தான்."

மிதவையின் திரையில் எண் ஏறியது. 34.9. 35.6. 37.0.

கடல்பரப்பு முழுக்க வளைகள் அலறின. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகள் எழும்பின. சிவந்து வீங்கிய முகங்கள். ரெஜினா எண்ணினாள். எட்டு. ஒன்பது. பத்து.

"சலேத்தக்கா!"

"பார் பக்கம் போனா," ஒருத்தி மூச்சிரைக்கக் கத்தினாள். "ரொம்ப நேரமாச்சு!"

பார் என்று அவர்கள் சொல்லும் சுண்ணாம்புப் பாறையோரம் ஒரு வளை மட்டும் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. சலேத்மேரி பாசிக் கூடையின் தக்கையில் கழுத்தைச் சாய்த்து மிதந்தாள். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. இருவரும் அவளைப் படகுக்குள் இழுத்தார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் கொதித்தது உடம்பு. நாற்பத்தொன்று காட்டியது வெப்பமானி.

"தண்ணி ஊத்து தாயி!"

"எந்தத் தண்ணிய ஊத்த மாமா? கடலே கொதிக்குது!"

தொம்மை ஒரு நொடிதான் யோசித்தார். மூட்டையை அப்படியே கவிழ்த்தார். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று உமியும் ஐஸுமாக அள்ளி அள்ளி வைத்தார்கள். ரெஜினா வெப்பமானியை மறுபடி வைத்தாள். நாற்பது. முப்பத்தொன்பதரை.

சலேத்மேரி இருமினாள். நெஞ்சில் ஒட்டியிருந்த உமியை விரலால் தடவிப் பார்த்தாள். தங்கையைத் தேடியது கண்.

"பொழச்சுக்கிட்டா!" தொம்மை சிலுவை போட்டுக்கொண்டார். "இதக் கட்டுனவன மட்டும் கண்டுபிடிச்சேன்..."

"ரெஜி," என்றாள் சலேத்மேரி, மூச்சு வாங்கியபடி. "ஐஸ் ஒன்பது மணிக்கெல்லாம் கரையணும்னு சொன்னேன்லடி. நாளைக்குக் கட்டுறப்ப உமியக் கொறச்சுப் போடு."