குருசுத்திட்டுக்கு ஒரு கயிறு

“பார்மேல வள்ளம் ஏறாது! ஏத்துனா அடி கிழிஞ்சு நாமளும் அவங்களோட சேந்து நிக்க வேண்டியதுதான்!” என்று கத்தினார் படகோட்டி சூசை.

படகின் முனையில் நின்ற மெர்சலின் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தாள். இருநூறு மீட்டர் தூரத்தில் குருசுத்திட்டு. காலையில் கபடி ஆடுமளவுக்கு இருந்த மணல்மேடு, இப்போது ஒரு வீட்டு முற்றமாகச் சுருங்கியிருந்தது. அதன்மேல் மூன்று பெண்கள். கடல்பாசி எடுக்க விடியலில் வந்தவர்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட படகு இன்ஜின் கெட்டு எங்கோ மிதந்துகொண்டிருந்தது. சேலைக்குமேல் ஆண்சட்டை போட்டு, துண்டை வீசிக்கொண்டிருந்தவள் மெர்சலினின் சித்தி அருளாயி. இன்னொருத்தி காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடல்முள் குத்தியிருக்கிறது என்று சித்தி போனில் சொல்லியிருந்தாள்.

திட்டைச் சுற்றிலும் வளையமாகப் பவளப்பாறை. அதைத்தான் அந்தக் கடற்கரையில் பார் என்பார்கள். அலை அதன்மேல் மோதி வெள்ளையாகச் சிதறியது. அதில் நீந்தினால் பாறை உடம்பைச் சீவிவிடும். மீட்புப் படகு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். கடல்நீர் ஏறித் திட்டை மூட ஒன்றரை மணி நேரம்தான்!

“என் பலகைக்கு ஒரு சாண் தண்ணி போதும்” என்றாள் மெர்சலின். “கைட்டுல நான் போறேன். இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு அந்தப் பக்கம் கொண்டு சேத்துட்டா, படகுல இருக்குற தெப்பத்தை இழுத்துக்கலாம்.”

மெர்சலினுக்கு இருபத்தொன்பது வயது. காற்றில் பறக்கும் பெரிய கைட் இழுக்க, பலகைமேல் நின்று கடலைக் கிழித்துப் போவதுதான் அவள் தொழில். அதைக் கற்றுக்கொடுக்கும் பள்ளியை அவளும் சென்னைக்காரன் ரகோத்தமனும் பங்காளிகளாக நடத்தினார்கள். அவன் இப்போது படகின் நடுவில் உட்கார்ந்து, கைட்டுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

மெர்சலின் கைட்டைப் பிடித்து ஓட்டும் பிடிகட்டையிலிருந்து நான்கு கயிறுகளையும் பிரித்தாள். பென்சில் ஈயத்தைவிடச் சற்றே பருமனான கயிறுகள். இரண்டு ஆள் எடையைத் தாங்கும். ஒவ்வொன்றையும் விரல்களுக்கிடையே ஓடவிட்டாள். முதல் கயிறு வழவழவென்று ஓடியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில், நுனிக்கு ஒரு பாகம், அதாவது இரு கைகளை விரித்த நீளம், முன்னால் விரல் நின்றது.

கயிறு பூனை முடிபோலச் சிலிர்த்திருந்தது. நகத்தால் கீறினாள். பாதி இழைகள் இல்லை!

“ரகோத்! இது என்ன?”

அவன் குனிந்தபடி காற்றடித்துக்கொண்டே இருந்தான்.

“உன்னைத்தான் கேக்குறேன். என்ன இது?”

“சனிக்கிழமை... அந்த ஸ்டூடண்ட் கைட்டை ஏத்தும்போது சிப்பிப்பாறைல உரசிடுச்சு மெர்சி. லேசான பிசிறுதான். தாங்கும்னு நினைச்சேன்.”

“நினைச்சியா? அதான் உள்பக்கமா சுத்தி மறைச்சு வெச்சியா?”

“மறைக்கல. சுத்தும்போது...”

“பொய் சொல்லாத! கயித்தைப் பாறைல இழுக்காத, மணல்ல புரட்டாத, மணல் இழைக்குள்ள பூந்து உள்ளயே அறுக்கும், நல்ல தண்ணில அலசுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ‘உனக்கு ஓவர் பயம்’னு சிரிச்சியே! இப்ப சிரி! நடுப்பாருக்கு மேல இது அறுந்தா கைட்டு பம்பரமா சுத்தும். என்னைப் பாறைல அறைஞ்சு இழுக்கும். அப்ப என் சித்திக்கு யார் பதில் சொல்றது? நீயா?”

பிடிகட்டையைப் படகின் தளத்தில் ஓங்கி எறிந்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு தானும் இந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை என்ற நினைப்பு அவள் ஆத்திரத்தில் எண்ணெய் ஊற்றியது.

“சண்டைய கரையில வெச்சுக்குங்க!” என்று சூசை அதட்டினார். “திட்டு போய்க்கிட்டிருக்கு!”

மெர்சலின் கத்தியை எடுத்தாள். “நாலையும் வெட்டப் போறேன். ஒண்ணரைப் பாகம். நாலும் ஒரே நீளமா இருந்தாத்தான் கைட்டு நேரா நிக்கும். நீ ரெண்டு முடி. நான் ரெண்டு. முடிச்சு நேரா கயித்துல விழுந்தா அதுவே கயித்தை அறுத்துரும். உறையைப் போட்டு மடிச்சு, அப்புறம் முடிச்சு. புரியுதா?”

“புரியுது.”

பழுது பார்க்கும் பையிலிருந்து துணி உறைகளை எடுத்தாள். மெல்லிய கம்பியால் கயிற்றை உறைக்குள் இழுத்து, மடித்து, கண்ணி போட்டார்கள். அவன் போட்ட முதல் கண்ணியைப் பார்த்தாள். ஒரு விரற்கடை நீளம் கூடுதல். “அவிழ்!” என்றாள். அவன் அவிழ்த்து மறுபடி போட்டான். நான்கையும் படகின் கொம்பில் மாட்டிக் காலை ஊன்றி இழுத்துப் பார்த்தாள். நான்கும் ஒன்றாக விறைத்தன.

இருபது நிமிடம் போயிருந்தது. திட்டின் விளிம்பில் நின்ற பெண்களின் கணுக்காலைத் தண்ணீர் தொட்டது.

மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசியது. ரகோத்தமன் கைட்டைத் தண்ணீரில் விட்டான். மெர்சலின் கடலில் குதித்து, பலகையைக் காலில் மாட்டினாள். தெப்பத்தில் கட்டிய மீட்புக் கயிற்றின் மறுமுனையை இடுப்புப் பட்டையின் பின்னால், ஆபத்தென்றால் உடனே கழன்றுவிடும் கொக்கியில் பிணைத்திருந்தாள்.

“ஏத்து!”

கைட் விர்ரென்று எழுந்தது! பலகை சீறிக்கொண்டு பாய்ந்தது. பின்னால் கயிறு கனத்து இழுத்தது. வெள்ளை நுரை அவள் முகத்தில் அறைந்தது. கீழே பழுப்புப் பாறைகள் பற்களாகத் தெரிந்தன. ஓர் அலை பலகையைத் தூக்கி எறியப் பார்த்தது. கைட் தடுமாறி நீரை நோக்கிச் சரிந்தது.

“விழாதே... விழுந்தே, கொன்னுருவேன்!” என்று கைட்டைப் பார்த்து உறுமினாள். பிடிகட்டையை முழங்கை வலிக்க இழுத்தாள். நான்கு கயிறுகளும் விம்மின. தாங்கின. கைட் நிமிர்ந்தது. அடுத்த மூச்சில் பாரைத் தாண்டிப் பச்சைத் தண்ணீரில் இருந்தாள்.

“கைட்டைப் பிடிங்க! மேல மணலைப் போடுங்க!” என்று திட்டில் ஏறிக் கத்தினாள்.

சித்தி பாய்ந்து பிடித்தாள். பிடித்த கையோடு திட்டவும் தொடங்கினாள். “இவ்வளவு நேரமா எங்கடி போன? தண்ணி கழுத்துக்கு வரட்டும்னு காத்துக்கிட்டிருந்தியா?”

“அப்புறம் திட்டு சித்தி. கயித்தை இழு!”

நான்கு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். உயிர்காப்புச் சட்டைகளைச் சுமந்தபடி தெர்மோகோல் தெப்பம் அலைமேல் ஏறி வந்தது. அதன் பின்பக்கத்தில் கட்டிய கயிறு சூசையின் கையில் இருந்தது. முள் குத்தியவளையும் துணைக்கு இன்னொருத்தியையும் படுக்கவைத்து அனுப்பினார்கள். இரண்டாம் நடையில் சித்தியும் மெர்சலினும் சுருட்டிய கைட்டும். திட்டு அப்போது முழுக்க மூழ்கியிருந்தது.

பாரின் நடுவில் தெப்பம் சட்டென்று நின்றது. கயிறு ஒரு பாறை விளிம்பில் மாட்டிக்கொண்டது. என்னவென்று தெரியாமல் சூசை பலங்கொண்டு இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் பாறை ரம்பம்போல் கயிற்றை அறுத்தது. ஒரு புரி தெறித்து அவிழ்ந்ததை மெர்சலின் பார்த்தாள்.

“இழுக்காதீங்க!” அவள் குரலை அலை விழுங்கியது.

கயிறு பாறையில் மாட்டியதைப் படகிலிருந்து பார்த்தவன் ரகோத்தமன். “நிறுத்துங்கண்ணே! அறுக்குது!” என்று அலறியபடி குதித்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டே நீந்தி வந்தான். வெறுங்காலோடு பாறைமேல் ஏறி நின்று, கயிற்றை விளிம்பிலிருந்து விடுவித்தான். சட்டையைக் கழற்றி, புரி போன இடத்தில் சுற்றினான். பிறகு கயிற்றைத் தோள்மேல் தூக்கிப் பிடித்தான்.

“இப்ப இழுங்க! மெதுவா!”

தெப்பம் அவனை உரசிக்கொண்டு தாண்டியது. மெர்சலின் கையை நீட்டி அவன் இடுப்புப் பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டாள். அவன் பாதங்களிலிருந்து ரத்தம் ஒழுகியது.

“வலிக்குதா?”

“ஆமா.”

“வலிக்கட்டும்” என்றாள். ஆனால் பட்டையைப் பிடித்த கையை விடவில்லை.

கரையில் ஊரே கூடி விசிலடித்தது. சித்தி இறங்கியதும் நேராக ரகோத்தமனிடம் போனாள். சூசை எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். “நீதான் கயித்தை ஒளிச்சு வெச்சவனா? பாறைல எறங்கினதுக்காக உன்ன அடிக்காம விடுறேன். போய்க் காலுக்கு மருந்து போடு!”

மறுநாள் காலை மெர்சலின் பள்ளிக்கு வந்தபோது, காலில் கட்டோடு ரகோத்தமன் புல்தரையில் உட்கார்ந்திருந்தான். பள்ளியின் கயிறுகள் அத்தனையும் நல்ல தண்ணீரில் அலசி விரிக்கப்பட்டிருந்தன. ஒரு பஞ்சுத் துண்டைக் கயிற்றின்மேல் தடவிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் பஞ்சு மாட்டி நூலாக நின்றது. கண்ணுக்குத் தெரியாத பிசிறு.

“மெர்சி, இதுவும் போச்சு. போன மாசம் நான்தான் பாறைல இழுத்தேன். உங்கிட்ட சொல்லல.”

அவளுக்கு மறுபடி சுர்ரென்று ஏறியது. திட்ட வாயெடுத்தாள். பிறகு அவனுக்கு எதிரே உட்கார்ந்து, பஞ்சில் பாதியைப் பிய்த்துக்கொண்டாள்.

“வெட்டு” என்றாள். “இந்த முனையிலேருந்து நான் பாக்குறேன்.”