பரிதிக்கு மட்டும்

காலை ஆறு மணிக்குத் தொடங்கிய செவ்வந்திக்கும் பரிதிக்குமான சண்டை, ஆறு மணி ஒரு நிமிடத்தில் சமாதானமாக முடிந்தது. அப்போது இருவருமே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாயின் தென்பள்ளக் குடியிருப்பில் எல்லா வீடுகளிலும் இப்படித்தான். திருமணத்தைப் பதிவு செய்யும்போதே காதுக்குப் பின்னால் நிகரி என்ற கருவியைப் பொருத்திவிடுவார்கள். ஓராண்டில் அது உடையவரின் பேச்சையும் கோபத்தையும் கொஞ்சலையும் கற்றுக்கொள்ளும். அதன் பிறகு கணவனின் நிகரியும் மனைவியின் நிகரியும் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும். என்ன பேசின என்பது தினமும் காலைக் குறிப்பாக வந்து சேரும். யாரும் அதைத் திறப்பதில்லை. குடியிருப்பில் மணவிலக்கே கிடையாது என்று நிர்வாகத்துக்குப் பெருமை.

செவ்வந்திக்கு மணமாகி ஏழு ஆண்டுகள். அவர்களுக்குள் நேருக்கு நேர் சண்டை இல்லை, மனத்தாங்கல் இல்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பரிதி, "தண்ணி" என்றான். அந்தக் குரல் யாருடையது என்று அவள் ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் பயந்துபோனாள்.

அவனுக்காக ஒரு சிறிய இணையச் செயலி செய்யத் தொடங்கினாள். நிகரியிடம் சொல்லியிருந்தால் இமைப்பதற்குள் நூறு செய்து தந்திருக்கும். அதனாலேயே சொல்லவில்லை. ஆவணக் கிடங்கிலிருந்து பழைய நிரல் பாடநூல் ஒன்றை எடுத்துவந்து, தான் வேலை செய்யும் காற்று வடிப்பு நிலையத்தில், மதிய இடைவேளைகளில் விரலால் தட்டித் தட்டி எழுதினாள்.

"சாப்பிடாம என்னடி பண்றே?" என்று பக்கத்து இருக்கை மும்தாஜ் எட்டிப் பார்த்தாள்.

"ஒரு பொத்தானை நடுவுல நிறுத்தப் பாக்கறேன்க்கா."

"முந்தாநாளும் இதையேதான சொன்னே?"

"அது நிக்க மாட்டேங்குதே!"

நாற்பது நாட்களில் செயலி தயாரானது. 'பரிதிக்கு மட்டும்' என்று பெயர் வைத்தாள். தினம் ஒரு கேள்வி, கீழே பதில் எழுத ஒரு வெற்றுக் கட்டம். அவ்வளவுதான். ஆனால் உள்ளே நுழைய ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்: 'மின்தூக்கி பாதியில் நின்ற அன்று என் கையில் என்ன இருந்தது?' அவர்கள் முதன்முதலாகச் சந்தித்தது அங்கேதான். அப்போது இருவருக்கும் நிகரி கிடையாது. ஆகவே அவன் நிகரிக்கு அது தெரிய வழியில்லை. அவனேதான் வந்தாக வேண்டும்.

அனுப்பிய மறுநாளே விடை வந்தது: 'ஒத்தைச் செருப்பு.'

செவ்வந்தி வடிப்பான்களுக்கு நடுவே நின்று சின்னப் பிள்ளைபோல் அழுதாள்.

அதன் பிறகு தினமும் பதில் வந்தது. பரிதிக்குப் பனிச்சுரங்கத்தில் வேலை. 'இன்று சுரங்கத்தில் என்ன பார்த்தாய்?' என்று கேட்டிருந்தாள். 'பனிக்குள்ள ஒரு காத்துக்குமிழி. கோடி வருஷமா யாரோடயும் கலக்காத காத்து. உடைக்க மனசு வரலை' என்று எழுதியிருந்தான். வீட்டில் அவன் வழக்கம்போல் சுவர்த்திரையைப் பார்த்தபடி சாப்பிட்டான். கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் அந்த இனிமை கெட்டுவிடுமோ என்று அவளும் பேசவில்லை.

பதினாறாம் நாள் மும்தாஜிடம் அந்தப் பதில்களைக் காட்டினாள். மும்தாஜ் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"எங்க வீட்டுக்காரர் கல்யாணத்தன்னிக்குக்கூட சேந்தாப்ல மூணு வரி பேசுனதில்ல. உன் ஆளு சுரங்கத்துலேர்ந்து வந்த களைப்புல தினம் இவ்ளோ எழுதறாரா?"

"உங்களுக்குப் பொறாமைக்கா."

"இருந்துட்டுப் போகட்டும். காலைக் குறிப்பை ஒரு தடவை தொறந்து பாரு."

சிரித்துக்கொண்டேதான் திறந்தாள். செயலியை அனுப்பிய மறுநாள் குறிப்பில் ஒரே ஒரு வரி இருந்தது: 'பரிதியின் நிகரி, மின்தூக்கிக் கேள்விக்கு விடை கேட்டது, தரப்பட்டது. நோக்கம்: இல்லற நலம்.'

நிரல் எழுதும்போது விடையை வாய்க்குள் முணுமுணுத்தபடியே தட்டியிருந்தாள். காதுக்குப் பின்னால் இருப்பது அதைக் கேட்காமலா இருக்கும்? அவனுடைய நிகரிக்கு எதிராகப் பூட்டுப் போட்டவளுக்குத் தன்னுடையது நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் ஓய்வுநாள். மதியம் பரிதியின் எதிரே போய் உட்கார்ந்தாள். இருவரும் நிகரியை அணைக்க வேண்டும் என்றாள். அவன் திகைத்தாலும் அணைத்தான். அறை திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது.

"நான் உனக்கு ஒண்ணு செஞ்சு அனுப்பினேன். பாத்தியா?"

"என்னது?"

அவள் தன் திரைப்பலகையை அவன் கையில் கொடுத்தாள். பரிதி படிக்கத் தொடங்கினான். பதினாறு கேள்விகள், பதினாறு பதில்கள். காற்றுக்குமிழிக்கு வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இது நீயே செஞ்சதா? கையாலயா?"

"ஆமா."

"அந்தக் குமிழி நெசம்தான். நான் பாத்தேன். உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன்."

அவள் காத்திருந்தாள். பதினேழாம் கேள்வி திரையிலேயே இருந்தது: 'என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா?' கீழே கட்டம் காலியாக இருந்தது. அவன் விரல் அதன்மேல் போய் நின்றது. ஏதோ எழுதினான், அழித்தான். மறுபடியும் எழுதினான், அழித்தான். அப்புறம் திரையை மேலும் கீழுமாகத் தள்ளி எதையோ தேடினான்.

"என்ன தேடறே?"

"இதுல அந்த இதயம் எங்க இருக்கு?"

"எந்த இதயம்?"

"பிடிச்சிருந்தா அழுத்துவோம்ல, அது. ஒண்ணு வெச்சுடேன் செவ்வந்தி. எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, நெசமா சொல்றேன். அதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை."

அவன் முகத்தில் பொய் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. பலகையை வாங்கிக்கொண்டாள். இப்போது கை பழகியிருந்ததால் அதிக நேரம் ஆகவில்லை. பொத்தான் முதல் தடவையிலேயே நடுவில் நின்றது.

பரிதி நிம்மதியாக அதை அழுத்தினான். இதயம் சிவந்தது. பக்கத்தில் 'ஒருவர் விரும்பினார்' என்று எழுத்து வந்தது.

"வந்துடுச்சா?" என்று கேட்டான்.

"வந்துடுச்சு" என்றாள் செவ்வந்தி.